பதின்மூன்றாம் வசனம்

முதல் வசனத்தை அவளே வாசித்தாள்.

வழக்கமாகச் சின்ன மகள்தான் தொடங்குவாள். இன்று விடவில்லை.

கணவருக்கு இரண்டாம் ஷிப்ட். ஜெபத்துக்கு அவளும் இரண்டு மகள்களும்தான். ஆளுக்கொரு வசனம், சுற்றிச் சுற்றி. அவள் தொடங்கினால் ஒன்று, நான்கு, ஏழு, பத்து, பதின்மூன்று அவளுக்கு வரும். அரிசி களையும்போதே எண்ணி வைத்திருந்தாள்.

வேதாகமத்தில் யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரம்.

சபையில் கொடுத்த அட்டவணையில் இன்றைக்கு அதுதான். தாண்டிவிடலாம் என்றால் பெரியவள் ஹெப்சிபா கண்டுபிடித்துவிடுவாள்.

பதின்மூன்றாவதை மட்டும் தன் வாயால் வேகமாகச் சொல்லிக் கடந்துவிட வேண்டும்.

பன்னிரண்டு சின்னவள் பியூலாவுக்கு. ஏழு வயது. விரல் வைத்து வாசித்தாள். ஆடுகள், ஒட்டகங்கள், ஏர்மாடுகள், கழுதைகள். யோபு இழந்தவையெல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பியிருந்தன. பெரிய எண்கள் என்றால் அவளுக்குக் கொண்டாட்டம்.

நிறுத்தவில்லை. அடுத்ததையும் வாசித்துவிட்டாள்.

பிள்ளைகள் பத்துப் பேரும் செத்துப்போன யோபுவுக்கு மறுபடியும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள்.

"ஏட்டி, அது அம்மா வசனம்லா" என்றாள் ஹெப்சிபா.

"சின்ன வசனம்தான. அதான் சேத்து வாசிச்சேன்."

விரல் அங்கேயே நின்றது.

"ஆடு மாடெல்லாம் ரெண்டு மடங்கு. பிள்ளைங்க மட்டும் ஏம்மா பழையபடி பத்து?"

ஹெப்சிபா முந்திக்கொண்டாள். "முத பத்துப் பேரும் பரலோகத்துல இருக்காங்கல்லா. அவங்களையும் சேத்தா இருபது. ஓய்வுநாள் பள்ளில சொன்னாங்க."

அதே விடை.

எட்டு வருடங்களுக்கு முன் ரூபஸின் சவப்பெட்டி அருகே நின்று உபதேசியார் சொன்ன விடை. மூத்தவன். அப்போது அவனுக்கு ஆறு வயது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுவருடம் பியூலா பிறந்தாள். எடுத்ததைக் கர்த்தர் திரும்பத் தந்தார் என்று ஞானஸ்நானத்தன்று போதகர் ஐயர் ஜெபித்தார். சபை ஆமென் சொன்னது.

அவளும் சொன்னாள்.

"அப்போ என்னைய அண்ணனுக்குப் பதிலாத்தான் குடுத்தாராம்மா?"

மின்விசிறி காற்றில் தாள் படபடத்தது. அம்மா உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள்.

இந்த யோபு மேல்தான் கோபம் வந்தது. அத்தனை அதிகாரம் வழக்காடியவன். இந்த இடத்தில் வாயே திறக்கவில்லை. என் பழைய பிள்ளைகள் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வசனத்தில் புதிய மகள்கள் மூவருக்கும் பெயர் இருந்தது.

செத்த பத்துப் பேரில் ஒருவருக்கும் இல்லை.

புத்தகத்தை மூடினாள்.

"ஜெபம் பண்ணுவோம்."

இன்னும் நான்கு வசனம் மீதி. ஹெப்சிபா அதைச் சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு முழங்காலிட்டாள்.

முடிவு ஜெபத்தில் பிள்ளைகளின் பெயர்களை மூத்ததிலிருந்து வரிசையாகச் சொல்வது அந்த வீட்டு வழக்கம். செத்தவர்களுக்காக ஜெபிப்பது அவர்கள் சபையில் கிடையாது. எட்டு வருடமாக வரிசை ஹெப்சிபாவிலிருந்துதான் தொடங்குகிறது.

"ஆண்டவரே" என்றாள்.

அடுத்து ஸ்தோத்திரம் வர வேண்டும்.

வரவில்லை.

பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு விசில் விட்டது.

"ரூபஸ்" என்றாள்.

ஹெப்சிபாவின் தலை நிமிர்ந்தது.

"ஹெப்சிபா. பியூலா."

அவர்களுக்காக எதையும் கேட்கவில்லை. ஆமெனும் சொல்லவில்லை.

கண்ணைத் திறக்காமலே பியூலா விரல்களை எண்ணினாள். ஒன்று. இரண்டு.

தன் பெயருக்கு வந்த மூன்றாவதை மற்றக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.