பனிக்கோட்டை வலம்

"உங்கம்மாவக் காணோம், பூஜா."

அண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் வீட்டுச் சமையலறையில், தோசைக்கல்லில் மாவை ஊற்றப் போன பூஜாவின் கை அப்படியே நின்றது. தொலைபேசியில் பேசியவர் அவளுடைய தந்தை சகாதேவன். இங்கே பொழுது அப்போதுதான் புலர்ந்திருந்தது. அவர் இருந்த கனடாவின் கியூபெக் நகரத்தில் முந்தைய நாளின் இரவு கவிந்திருந்தது.

"காணோம்னா? உங்க பக்கத்துலதான இருந்தாங்க?"

"இருந்தா. பனித் திருவிழா பாக்க வந்தோம். ஐஸ்கட்டியிலயே பெரிய கோட்டை கட்டி வெச்சிருக்கான். அத அண்ணாந்து பாத்துக்கினே ரெண்டு எட்டு நடந்தேன். திரும்பினா ஆளக் காணோம்."

பூஜா அடுப்பை அணைத்துவிட்டுத் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டாள். பெற்றோரை அந்தப் பழைய நகரத்துக்கு அனுப்பி வைத்தவள் அவள்தான். "இந்த வயசுல பனியில எனக்கென்னடி வேலை?" என்று மறுத்த தாயை, தம்பி பாலாஜி அங்கேதானே இருக்கிறான் என்று தேற்றி விமானம் ஏற்றியிருந்தாள்.

"தம்பி எங்கப்பா?"

"அவனுக்கு சாயந்திர ஷிப்ட். எங்கள வாசல்ல எறக்கி விட்டுட்டுப் போயிட்டான். போன் அடிச்சா எடுக்க மாட்டேன்றான்."

"அம்மா போன்?"

"என் கோட்டு பாக்கெட்ல இருக்கு. கையுறை போட்டுக்கினு தொட்டா வேலை செய்யலன்னு என்கிட்டயே குடுத்துட்டா."

"குளிர் ஜாஸ்தியாப்பா?"

"மூச்சு விட்டா மீசையில ஐஸ் கட்டுது."

அம்மா உண்ணாமலைக்குச் சர்க்கரை நோய். பாதங்களில் உணர்ச்சி குறைந்து வருவதால், குளிர் ஏறினாலும் உடனே தெரியாது. தமிழைத் தவிர வேறெந்த மொழியும் அறியாதவர்.

"ஏதாவது சண்டை போட்டீங்களா?"

"இங்க ஒரே மேளச் சத்தம், ஒண்ணும் கேக்கல" என்றார் சகாதேவன்.

"அப்பா, உங்களத்தான் கேக்கறேன்."

"சண்டையெல்லாம் இல்ல. நடுக்கூட்டத்துல புளிசோத்து டப்பாவத் தொறந்தா. எல்லாரும் பாக்கறாங்க, மானத்த வாங்காதேன்னேன். அவ்ளோதான்."

பேச்சைக் கேட்டு எழுந்து வந்த கணவன் மாறன் மெல்ல இடைமறித்தான். "அங்க இருக்கற போலீஸ்கிட்ட போனக் குடுக்கச் சொல்லு. நான் பேசறேன்."

"யாரு போலீஸு, யாரு வேஷக்காரன்னே தெரியல மாப்ள" என்றார் சகாதேவன். "தொப்பி போட்ட ஒருத்தன்கிட்டப் போயி அழாத குறையாச் சொன்னேன். அவன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கினு ஆட்டம் ஆடிட்டுப் போறான்."

பிறகு அவர் தொலைபேசியைச் சற்றே விலக்கிப் பிடித்து உரக்கக் கூவுவது கேட்டது. "உண்ணாமலை... உண்ணாமலை..."

அவரைத் தொடர்ந்து நாலைந்து இளங்குரல்களும் அதே பெயரைத் தட்டுத்தடுமாறிக் கூவின.

"அது யாருப்பா கூடவே?"

"இந்த ஊர்ப் பசங்க. பாட்டுன்னு நெனச்சுக்கினு கூடவே கத்தறானுங்க. கத்தட்டும். நாலு தொண்டை சேந்தாலாவது அவ காதுல விழுதான்னு பாப்போம்."

கலெக்டர் ஆபீசில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் சகாதேவன். வீட்டிலும் அலுவலகத்திலும் அவர் சொல்வதுதான் முடிவு. அந்தக் குரல் இப்படி நடுங்கி பூஜா கேட்டதே இல்லை.

"கோட்டையச் சுத்திக்கினே இருக்கேன்மா. இது மூணாவது சுத்து. அவளுக்கு ஏதாவதுன்னா நான்..."

"மாமா, எந்தப் பக்கமா சுத்தறீங்க?" என்றான் மாறன்.

"என்ன கேள்வி மாப்ள இது? வலமாத்தான்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பௌர்ணமிதோறும் அண்ணாமலையை வலம் வந்து பழகிய கால்கள் அவை. அம்மாவின் கால்கள் மட்டும் வேறு திசையிலா போகும்? ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக இருவரும் வலமாகவே சுற்றினால், விடிய விடியச் சுற்றினாலும் முகத்தில் முகம் விழிக்க வழியில்லை.

"அப்பா, அம்மாவும் வலமாத்தான் வருவாங்க. நீங்க எதிர்ப்பக்கமாப் போங்க."

"இடமாச் சுத்தச் சொல்றியா?" அந்தத் தவிப்பிலும் அவர் தயங்கினார். "வெறும் ஐஸ்தான், தெரியுது. ஆனா கால் வர மாட்டேன்னுதே."

"சுத்தவே வேணாம்பா. நின்ன எடத்துலயே பின்பக்கம் திரும்பி நில்லுங்க. போதும்."

காலணிக்கடியில் பனி நெரியும் ஓசை கேட்டது. பிறகு மேளம். பூஜா மாறனின் கையை இறுகப் பற்றியிருந்தாள்.

"ஏய்... எங்கடி போயிட்ட?"

சகாதேவனின் குரல் முழுவதும் உடைந்திருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இந்தா, பொண்ணுகிட்டப் பேசு. சூடா ஏதாவது வாங்கிக்கினு வரேன். இங்கயே நில்லு, நகராதே" என்று அவர் சொல்வது கேட்டது.

"அம்மா, கால் எப்படிம்மா இருக்கு?"

"ரெண்டு சாக்ஸ் போட்டிருக்கேன். ஒண்ணும் ஆகல. நீ அழாதடி."

"எங்கம்மா போயிட்டீங்க? அப்பா துடிச்சுப் போயிட்டாரு."

உண்ணாமலை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கயும் போகல. கூட்டத்துல ரெண்டு எட்டு பின்தங்கிட்டேன், அவ்ளோதான். மொதல் சுத்துலேர்ந்து உங்கப்பா பின்னாடியேதான் வரேன்."

"பின்னாடியேவா? ஒரு குரல் குடுத்திருக்கலாமேம்மா?"

"குடுக்கத்தான்டி வாயெடுத்தேன். கல்யாணமான நாள்லேர்ந்து 'ஏய்', 'இந்தா'ன்னே கூப்பிட்ட மனுசன், மொதமொதலா என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. இன்னும் ஒரு வாட்டி கேட்டுக்கலாமேன்னு நடந்துட்டேன்."