குனிந்த டீக்கன்

ஆமென் சொல்லி எல்லோரும் கண் திறந்தபோது, வாசலில் அபேலு குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

சுவரில்லாத வீடு. தூண்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அவன் நன்றாகத் தெரிந்தான். தலை தொங்கி, முதுகு வளைந்து, கை செருப்பின்மேல்.



செருப்புக்காகக் குனிந்தவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதை யாரிடம் சொல்வது? வாரக்கணக்கில் இந்த ஊரே அவன் குனிவதற்காகத்தான் காத்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில், டீக்கன் என்ற முறையில் எழுந்து பாடகர் குழுவுக்குத் தாழ்மையைப் பற்றிக் கொஞ்சம் எடுத்துச் சொன்னான். ஆண்டவருக்குக் காது நன்றாகவே கேட்கும், ஒரே ஒருத்தர் மற்ற எல்லோருக்கும் மேலே கத்த வேண்டியதில்லை என்றான். அந்த ஒருத்தர் யார் என்று யாரும் கேட்கவில்லை. குழுவை நடத்துகிற பலேபா, அவனுடைய சொந்த அக்கா, பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் கோயில் பக்கமே வரவில்லை.

சமோவாவில் போதகரோடு சண்டை போட்டுவிட்டுக்கூட ஒருவன் தலைநிமிர்ந்து நடக்கலாம். கூடப் பிறந்தவளைச் சபையில் வைத்துச் சிறுமைப்படுத்திவிட்டு நடக்க முடியாது.

நாளைக்குக் கோயிலில் திருவிருந்து. சபைக்கு அப்பம் பரிமாறுவது டீக்கன்தான். அக்காவோடு மனஸ்தாபம் தீராமல் அவன் கை அப்பத் தட்டைத் தொடக்கூடாது என்று போதகர் சொல்லிவிட்டார். காதோடுதான் சொன்னார். பக்கத்தில் போதகரின் மனைவி இருந்ததால் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அவனும் தயாராகத்தான் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டு வந்தான். மரியாதைப் பேச்சில், அளந்து எடுத்த நாலே வாக்கியம். உங்கள் மனம் ஒருவேளை புண்பட்டிருந்தால் என்று ஆரம்பம். அந்த ‘ஒருவேளை’ மேல் அவனுக்குத் தனிப் பிரியம். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். தன் வாயில் தாழ்மை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஓரிடத்தில் நெகிழ்ந்தும் போனான்.

இப்போது அந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் இல்லை. வலி இருந்தது.

தப்புச் செய்தவன் நல்ல பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, அந்த வீட்டு வாசலில் குனிந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் வந்து பாயை எடுத்தால் மன்னித்தாயிற்று. அதுதான் முறை. கொலைக்குப் போர்த்துகிற பாயைப் பாட்டுக்குப் போர்த்துவதா என்று கேட்டுவிட்டு, அபேலு வெறுங்கையோடு வந்திருந்தான்.

அக்காவின் புருஷன் லஃபாய் இளகின மனசுக்காரர். அவருக்கு அதற்குள் கண் நிறைந்துவிட்டது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் பெட்டியை விட்டு வெளியே வருகிற மெல்லிய பாயைத் தானே எடுத்துவந்து, அவன் தலையோடு போர்த்தினார்.

“போதும் மாப்ள. நீ இவ்வளவு எறங்கி வருவேன்னு நாங்க நெனைக்கவே இல்ல.”

நிமிர முடிந்திருந்தால் அபேலு அந்த இடத்திலேயே நிமிர்ந்திருப்பான்.

பாய்க்குள் இருட்டு. தாழையோலை வாசம். பேச ஆரம்பித்த வயதிலிருந்து, விழித்திருக்கும்போது இவ்வளவு நேரம் தான் பேசாமல் இருந்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது. ஊர் மெச்சுகிற தாழ்மை இடுப்பில் ஏதோ ஒரு நரம்பில் இருந்திருக்கிறது. அது தெரியாமல் இத்தனை வருஷம் மனசில் தேடியிருக்கிறான்.

அக்காவின் காலடி கேட்டது.

பாய் விலகவில்லை. அதன் ஓரத்தைத் தூக்கி, அவளும் தலையை உள்ளே நுழைத்தாள். தேங்காயெண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது.

எல்லோருக்கும் மேலே கத்துகிறது என்று அவன் சொன்ன குரல், அவன் ஒருவனுக்கு மட்டும் கேட்டது.

“ரப்பர் செருப்பக் கழட்ட எவன்டா குனிவான்? உதறுனா கழண்டுரும். எடுத்துக்கிட்டுக் கிளம்பத்தான பாத்த?”



செருப்பை வந்த உடனேயே உதறியாயிற்று. ஜெபம் முடியட்டும் என்று தூணருகே நின்றான். அப்போதுதான் அக்கா, பிள்ளைகள் எல்லாம் கேட்க, என் தம்பியை மன்னியும் ஆண்டவரே என்று சத்தமாக ஜெபித்தாள். எனக்கு மன்னிப்புக் கேட்க இவள் யார்? சுருக்கென்றது. வீட்டுக்கே போய்விடலாம் என்றுதான் செருப்பை எடுக்கக் குனிந்தான்.

அந்த ‘ஒருவேளை’யைத் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

“ஆமாக்கா,” என்றான். “அன்னைக்கிப் பேசுனதும் பொறாமையிலதான். கோயில் விட்டு வெளிய வந்தா ஒன் பாட்டப் பத்தியேதான் பேசுறாங்க. என் ஜெபத்தப் பத்தி ஒருத்தரும் பேசுறதில்ல.”

அக்கா அவன் விரல்களைப் பிரித்துச் செருப்பை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு அவன் இடுப்பைத் தடவி, வலிக்கிற இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து அழுத்தினாள்.

“நாளைக்கி அப்பத் தட்ட நிமிந்தே நீட்டு. வாங்கிக்கிறேன்.”

அதற்குமேல் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனுக்கும் வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது, வலித்தால் கண்ணில் தண்ணீர் வந்தது.

பாய் குலுங்குவதைப் பார்த்த லஃபாய், அக்காளும் தம்பியும் அழுகிறார்கள் என்று பிள்ளைகளை அதட்டி, எல்லோரையும் தலைகுனியச் சொன்னார்.