போலீஸ் படத்தின் முடிவு

இந்த வருஷத்தின் சிறந்த படம் எது என்று அக்காவும் மாமாவும் சாப்பாட்டு மேஜையில் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். தீர்ப்புச் சொல்ல நான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருமே ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்தவர்கள் இல்லை.

காரணம் கைக்குழந்தை. தியேட்டரில் விளக்கு அணைந்தால் போதும், கத்தி ஊரைக் கூட்டிவிடுவாள். அதனால் ஒரே டிக்கெட்தான். முதல் பாதிக்கு மாமா உள்ளே போவார். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுப்பாள். இடைவேளையில் மாமா கதையை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொள்வார். அக்கா உள்ளே போவாள். மீதிக் கதையை வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொல்வாள்.

வருஷம் முழுக்க இப்படித்தான். டிக்கெட் கிழிப்பவருக்கே பழகிவிட்டது.

இப்போது வருஷக் கடைசி என்று இந்த வருஷத்துப் படங்களையே மறுபடி ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையை நான் பார்த்துக்கொள்வதாகத் தெரியாத்தனமாக வாக்குக் கொடுத்துவிட்டேன். குழந்தை பிறந்த பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகும் முதல் முழுப் படம். ஒரே ஒரு படம்தான், அதற்கு மேல் என் உடம்பு தாங்காது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். எது சிறந்ததோ அதற்குப் போவதாக ஏற்பாடு.

மாமாவுக்குப் போலீஸ் படம். அக்காவுக்குக் கலங்கரை விளக்கப் படம்.

நான் இரண்டையும் முதல் நாளே பார்த்தவன். கல்யாணம் ஆகாதவனுக்கு வேறென்ன வேலை? கலங்கரை விளக்கப் படத்தில் ஒரு கிழவர் படி ஏறுவார், கடலைப் பார்ப்பார், படி இறங்குவார். அவ்வளவுதான் கதை.

அதில் அப்படி என்ன பிடித்தது என்று அக்காவைக் கேட்டேன். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது, யாரும் கத்தவில்லை, ஏசி கூட அளவாக இருந்தது என்றாள்.

அக்கா கணக்கு டீச்சர். எதையும் நிதானமாக நிரூபித்துக் காட்டுபவள், போலீஸ் படம் என்றாலே இன்று சிடுசிடுத்தாள். அதற்குத்தான் போவதென்றால் தான் வரவில்லை என்று எழுந்து, சிணுங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

மாமா விடுவதாயில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய வாதமும் பாதி மாடியில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி, மேலேயும் போகாது, கீழேயும் வராது.

"அந்த முடிவு ஒண்ணு போதும் மாப்ள," என்றார். "இன்ஸ்பெக்டர் கைவிலங்கோட வில்லன் வீட்டுக்குள்ள நுழையறார். தொட்டில்ல குழந்தை தூங்குது. உடனே பூட்ஸைக் கழட்டிட்டு வாசப்படியில உட்கார்ந்துடறார். வில்லனும் பக்கத்துல வந்து உட்கார்றான். விடியற வரைக்கும் ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டிருக்காங்க. குழந்தை முழிச்சதும் அவனே கையை நீட்டறான்."

நான் பார்த்த படத்தில் இன்ஸ்பெக்டர் வில்லனைக் கிரேனில் தலைகீழாகத் தொங்கவிட்டார். பின்னால் பெட்ரோல் கிடங்கு வெடித்தது. தொட்டில் எங்கேயும் இல்லை.

அப்படி ஒரு காட்சியே கிடையாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

மேஜைக்கு அடியில் கணுக்காலில் நச்சென்று ஓர் உதை விழுந்தது.

வாயை மூடிக்கொண்டு அக்காவை முறைக்கத் திரும்பினேன். அக்கா அந்தக் கோடியில், ஜன்னல் ஓரம், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றுபோயிருந்தது.

மேஜையில் என்னைத் தவிர மாமா மட்டும்தான். ரொம்ப அக்கறையாகத் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலங்கரை விளக்கப் படம்தான் சிறந்த படம் என்று தீர்ப்புச் சொன்னேன். அக்காவின் கை மறுபடி தட்டத் தொடங்கியது. மாமா நீளமாகப் பெருமூச்சு விட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். அக்கா ஜெயித்த முகத்தோடு குழந்தையைத் தூங்கவைக்க உள்ளே போனாள்.

அவள் கதவைச் சாத்தியதும் காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன், எல்லாம் தெரிந்துமா இவ்வளவு நேரம் சண்டை போட்டீர்கள் என்று.

"உடனே விட்டுக்குடுத்தா சந்தேகப்படுவா."

தியேட்டரின் பக்கவாட்டுக் கதவில் சின்னதாக ஒரு வட்டக் கண்ணாடி உண்டாம். குழந்தையைத் தோளில் போட்டு நடக்கும்போது அது வழியாக எட்டிப் பார்ப்பாராம். எல்லாப் படத்திலும் அக்கா தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, அடித்துப்போட்டது போல் தூங்கிக்கொண்டிருப்பாளாம். வீட்டில்தான் அவளுக்குத் தூக்கமே கிடையாதே. கலங்கரை விளக்கப் படத்தில் குறட்டைகூட விட்டாளாம். அந்த ஒரு படத்தின் முடிவைத்தான் அவள் சரியாகச் சொல்லியிருக்கிறாள். கிழவர் படி இறங்கினார்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மாமா பக்கத்திலேயே இருப்பாரே, தூங்கினால் அக்காவின் குட்டு உடைந்துவிடாதா?

மாமா உள்ளறைக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இடைவேளை முடிஞ்சதும் நானும் கண்ணை மூடிக்குவேன். வர்ற வழியில முடிவை அவதான் சொல்லணும்."