ஒரு தலைக்கு இரண்டு தொப்பி

முன்னறை ஜன்னல் வெயிலில் தம்பி மட்டையோடு நிற்கிறான். பிறந்த நாட்டுக்குப் பத்து வருடம், குடியேறிய நாட்டுக்கு நான்கு வருடம் கிரிக்கெட் ஆடிவிட்டு நேற்றுதான் ஓய்வை அறிவித்தான். ஒரே ஒரு நாட்டில்கூட என்னைச் சீந்த ஆளில்லை. மூன்று முறை தேர்வுக்குப் போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியவன் நான். இரண்டு நாடும் தந்த தொப்பிகளில் பச்சைத் தொப்பி அவன் தலையில் இருக்கிறது. நீலத் தொப்பிக்கு இடமில்லை. "அதை அண்ணன் போட்டுக்கிட்டுப் பக்கத்துல நிக்கட்டுமே?" என்கிறார் பத்திரிகைப் படக்காரர். தம்பி சிரிக்கிறான். "ஐயோ, ஆடாதவங்க அதைப் போடக்கூடாது சார். அண்ணா, சும்மா பிடிச்சுக்கோ." பிடித்துக்கொள்கிறேன். "சார், உங்க நிழல் விழுது, என் பின்னாடி வந்துடுங்க," என்கிறார் படக்காரர் என்னிடம். போகிறேன். தொப்பியின் உள்பட்டையில் அவனுடைய வியர்வை உப்பாய் வெளுத்திருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. "நல்லா சிரிடா கண்ணு," என்கிறாள் அம்மா. எல்லார் கண்ணும் அவன்மேல்தான். தொப்பியை மெல்ல என் தலையில் வைத்துப் பார்க்கிறேன். பாழாய்ப்போனது, எனக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்காருகிறது. நேரெதிரே நிற்கும் தம்பி மட்டும் பார்த்துவிடுகிறான். அவன் சிரிப்பு அணைகிறது. அந்த நொடியில் படக்காரர் பொத்தானை அழுத்துகிறார்.