கறுப்பு மருந்து

"பூசுங்க" என்றார் லோசலினின் அத்தை லாவினியா.

பல் நர்ஸ் அமேலியா பஞ்சுக்குச்சியோடு தயங்கி நின்றாள். தலைநகரிலிருந்து படகில் வந்து, மூன்று நாளாக எங்கள் தீவுப் பள்ளிக்கூட வராந்தாவில் நாற்காலி போட்டு வைத்தியம் பார்க்கிறாள். நாற்காலியில் கலோ. அவள் மடியில் ஐந்து வயது மகள் லோசலின், வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.

"வெள்ளையா அடைச்சுவிட முடியாதா?" என்று நான் கேட்டேன். அடுத்த வீட்டுக்காரி என்ற உரிமைதான்.

"அதுக்குத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போகணும்க்கா. முறை வர மாசக்கணக்காகும். அதுக்குள்ள சீழ் வெச்சுடும்" என்றாள் அமேலியா. "நேத்தே கலோகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். மேல் முன்பல் ரெண்டும் சொத்தை. இந்த மருந்தைத் தொட்டு வெச்சா சொத்தை அதோட நிக்கும். ஊசி இல்ல, குடையுறது இல்ல. என்ன ஒண்ணு, சொத்தை இருக்கிற இடம் கன்னங்கரேல்னு ஆயிடும். பால்பல் விழுற வரைக்கும் அப்படியேதான்."

"வேணாம்மா! ஃபக்கமே வருதும்மா!" என்று அலறியது குழந்தை.

ஃபக்கமே என்றால் மே மாத முதல் ஞாயிறு. பிள்ளைகள் புது வெள்ளை உடுப்பில் கோயிலில் எழுந்து நின்று, ஊர் முழுக்கப் பார்க்க பைபிள் வசனம் ஒப்பிக்கிற நாள். இன்னும் இரண்டே வாரம். லோசலின் தூக்கத்தில்கூட வசனம் சொல்லிச் சிரிக்கிறாள் என்று கலோதான் எனக்குச் சொன்னாள்.

"நீ வேணாம்னு சொல்லும்மா!"

கலோவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "நான் என்னடி கண்ணு செய்வேன்? அத்தை சொல்லிட்டாங்களே!"

டோங்காவில் அத்தை சொன்னால் சொன்னதுதான். அதிலும் அப்பாவின் அக்காவே அத்தை என்றால் கேட்கவே வேண்டாம். லோசலினின் அப்பாவோ, அக்கா நிற்கிற வராந்தாவில் கால் வைக்கக்கூட மரியாதைக்கு அஞ்சி, ஈரப்பலா மரத்தடியில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்னப் புள்ள... பண்டிகை முடியட்டுமே" என்று இழுத்தேன்.

லாவினியா என்னைத் திரும்பிப் பார்த்தார். "வலிக்கிறது உன் பல்லா?"

அமேலியா பஞ்சுக்குச்சியை மருந்தில் தோய்த்தாள்.

ஒரு நிமிஷ வேலைதான். அழுத களைப்பில் குழந்தை அம்மா மடியிலேயே தூங்கிப்போனது. உச்சிவெயிலில் கடலும் வானமும் ஒரே நிறமாகக் கலந்து கிடந்தன. யாரோ கோயிலில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், நாற்காலி, நர்ஸ் எல்லாமே தண்ணீருக்கு அடியில் மெல்ல அசைவதுபோல் இருந்தது எனக்கு. லாவினியா மட்டும் அசையாமல் நின்றார்.

சாயங்காலம் ஊர் வாய் சும்மா இருக்குமா?

"கல்நெஞ்சுக்காரி!"

"பெத்திருந்தா தெரியும்."

என் பங்குக்கு நானும் நாலு வார்த்தை சொன்னேன். பொய் சொல்வானேன், நிறைவாகவே சொன்னேன்.

அதுவரை லோசலினுக்குப் பகல் தூக்கம் அத்தை வீட்டுப் பாயில்தான். மறுநாளிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. லாவினியா எதிரில் வந்தால் என் வீட்டுக்குள் ஓடி வந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நானும் பிள்ளையை மறைத்து நின்றுகொள்வேன். லாவினியா கூப்பிடவும் மாட்டார், திட்டவும் மாட்டார். பாயை மட்டும் தினமும் விரித்து வைத்திருந்தார்.

ஃபக்கமே ஞாயிறு வந்தது. பாட்டு நின்றதும் லோசலின் எழுந்தாள். கை வாயை மூடியிருந்தது. பின்வரிசையில் யாரோ ஒரு வாண்டு கிக்கிக்கென்று சிரித்தது. குழந்தை கையை எடுத்தது. இரண்டு கறுப்புப் பல்லும் தெரிய, முழு வசனத்தையும் கணீரென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது. கோயிலில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

பிறகு விருந்து. சுட்ட பன்றிக்குட்டியின் முறுகல் தோலை லோசலின் முன்பல்லாலேயே கறுக்கென்று கடித்தாள். மாதக்கணக்கில் கிழங்கைக் குழைத்து விழுங்கிக்கொண்டிருந்த பிள்ளை!

முதல் பங்கு அத்தைக்கு. அதைப் பிள்ளை கையால் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். கலோ தட்டை நீட்டினாள். லோசலின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அவங்களுக்கு நான் தரமாட்டேன்."

எல்லோர் காதிலும் விழுந்தது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன். நான் லாவினியாவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

கலோவே தட்டைக் கொண்டுவந்து, அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"அண்ணி, இதுக்கு மேல என்னால தாங்க முடியாது. இன்னிக்கே அவகிட்ட சொல்லிடறேன். நான்தான் மருந்து பூசுறதுக்கு முந்தின நாள் உங்க வீட்டுக்கு வந்து, 'பூசச் சொல்ல எனக்கு வாய் வராது, நீங்க உத்தரவு போட்டுடுங்க'ன்னு கெஞ்சினேன்னு..."

லாவினியா தட்டை வாங்கிக்கொண்டார். பார்வை, தூரத்தில் அடுத்த துண்டைக் கடித்துக்கொண்டிருந்த குழந்தை மேலேயே இருந்தது.

"பேசாம இரு கலோ. என்னை வெறுத்தா, அது உன் மடியில வந்து அழும். உன்னையே வெறுத்துட்டா எங்கே போய் அழும்?"