இஸ்திரி போட்ட சட்டை

முப்பது நாளில் ஒரு நாவல் எழுதும் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது, பத்து நாள்கூடத் தாங்கமாட்டோம் என்றுதான் அமிர்தவல்லி நினைத்தாள். விபத்தில் போய்விட்ட மகன் இளமாறனை நாவலில் சாகவிடாமல், வடக்கிலிருந்து வீட்டுக்குக் கிளம்பி வரவைத்தாள். கணவர் தனுஷ்கோடி புத்தகத்தையே தொடாதவர். ஆனால் தினமும் காலண்டர் தாளைக் கிழித்த கையோடு வந்து நிற்பார்.

"இன்னிக்கு எங்க வந்துருக்கான்?"

அந்தக் கேள்விக்காகவே எழுதினாள். நாக்பூர். விஜயவாடா. பதினெட்டாம் நாள் காய்ச்சலில் அவள் எழுதாமல் படுத்துவிட, "புள்ள ஸ்டேஷன்லயே நிக்கிறான்ல" என்று கஞ்சியோடு நோட்டையும் கொண்டுவந்து வைத்தார்.

முப்பதாம் நாள் காலை, 'இளமாறன் கதவைத் தட்டினான்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். தனுஷ்கோடி முகச்சவரம் செய்திருந்தார். கட்டிலில் இளமாறனின் நீலச் சட்டை, இஸ்திரி போட்டு வைத்திருந்தது. அடுக்களையில் மீன் பொரிகிற வாசனை.

"வந்துட்டானா?"

எழுதிய வரியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள்.

"திருச்சிலயே வண்டி நின்னுபோச்சுங்க. மழையாம்."

அவர் சட்டையை எடுத்துத் திரும்ப பீரோவில் வைத்தார்.

"குடையாவது வச்சிருக்கானா?"

அமிர்தவல்லி அந்த வரியை அடித்துவிட்டு, அவன் கையில் ஒரு குடையை எழுதினாள்.