பித்தளைக் கவ்விகள்

மில்வாக்கி நகர டிராமின் ஜன்னல்களுக்கு மேல், மரச்சட்டங்களுக்கிடையே விளம்பர அட்டைகள் வில்லாக வளைந்து நிற்கின்றன. காலை வெயிலில் சோப்பு அட்டையின் ஓரங்கள் மட்டும் மின்னுகின்றன. அதைப் பிடித்திருப்பவை வாண்டா செய்த பித்தளைக் கவ்விகள். ரயில் பாதையைக் கடக்கும்போது அட்டை விழாமலிருந்தால்தான் மேற்பார்வையாளர் பிராண்ட் அவற்றை வாங்குவார். "விழுந்துச்சுன்னா இன்னொரு தடவை என்கிட்ட வந்து நிக்கக்கூடாதும்மா" என்றபடி அவளுக்கு எதிரே உட்காருகிறார். "தொப்பியைக் கழட்டிடாதீங்க சார். உங்க தலைக்கு மேல இருக்கே, அந்தக் காபி அட்டை போன வாரம் என் மண்டையிலதான் இறங்குச்சு" என்கிறார் கண்டக்டர் ஸ்டாஷ். வாண்டா நிமிர்ந்து பார்க்கிறாள். சோப்பு அட்டைக்குப் பின்னால் ஒரு ரோஸ் நிற முனை தெரிகிறது. அட்டை நழுவாமலிருக்கக் கண்டக்டர்கள் பழைய டிக்கெட்டை மடித்துச் செருகுவது வழக்கம். "விடு வாண்டா, அவருக்குத் தெரியவா போகுது" என்று ஸ்டாஷ் முணுமுணுக்கிறார். அவள் இருக்கைமேல் ஏறி, டிக்கெட்டை உருவி, ஸ்டாஷின் கையில் திணிக்கிறாள். மணி அடிக்கிறது. சக்கரங்கள் குறுக்கே போகும் ரயில் தண்டவாளத்தில் மோத, கண்ணாடிகள் எல்லாம் அதிர்கின்றன. சோப்பு அட்டை புடைக்கிறது, நடுங்குகிறது, நிற்கிறது. காபி அட்டை பிராண்டின் தொப்பியில் விழுகிறது. அவர் சிரிக்காமல் அதை எடுத்து அவளிடம் நீட்டுகிறார். "இதுக்கும் மாட்டும்மா."